கிளியம்மாளின் இடுப்புக் கட்டு

கிளியம்மாள் பழைய பருத்திப் புடவை ஒன்றை நீளவாட்டில் கிழித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு சிறு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. நூல் பிசகாமல் நேராக வந்தது. ஒரு சாண் அகலப் பட்டை. அதை மூன்றாக மடித்து ஓரம் தைத்தால் இடுப்புக் கட்டு தயார். தைத்து முடித்தவை அவள் மடியில் சுருட்டி வைத்த பாய்களைப் போலக் கிடந்தன.

அவள் புருஷன் கோதண்டம் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பாருங்கக்கா, வெள்ளக்காரங்க ஊருக்குப் போறா. கந்தத் துணிய மூட்ட கட்டிகினு போறா" என்றார் என்னிடம்.

"புதுத் துணி இடுப்ப அறுக்கும். பத்து வருசம் கட்டின புடவதான் மெத்துனு கீது" என்றாள் கிளி, தலையை நிமிர்த்தாமல்.

"நான் வாங்கிக் குடுத்து பத்து வருசம் ஆச்சுன்னு உங்க முன்னாடி சொல்லிக் காட்றா, தெரியுதா?"

"அத்த வேற நான் சொல்லணுமா? புடவையே சொல்லுது."

இது வல்லத்தில், 1991 ஜூன் மாதம். இப்போது வல்லம் வடகால் தொழிற்பேட்டை இருக்கும் இடமெல்லாம் அன்று கழனி. கோதண்டத்தின் கழனி இருந்த இடத்தில் இன்று ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அதே கம்பெனியின் முதலுதவி அறையில்தான் கிளியம்மாள் பின்னால் வேலை பார்த்தாள். நசுங்கிய விரல், கண்ணில் விழுந்த இரும்புத்தூள், நைட் ஷிப்டில் மயக்கம் போட்ட பெண்கள் என்று பல வருஷம் பார்த்து ஓய்வு பெற்றாள். போன தை மாதம் இறந்தாள். சாவு வீட்டுக்கு வந்த கம்பெனிப் பெண்கள் அவளை முதலுதவி அம்மா என்றே சொன்னார்கள். அவள் சுவீடன் போய் வந்தது அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். பாதி நான் பார்த்தது, மீதி அவள் வாயால் கேட்டது.

நானும் அவளும் ஒரே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்தவர்கள். நான் பிரசவ வார்டு. அவள் முதியோர் வார்டு. எங்கள் தலைமை நர்ஸ் இங்கிரிட், சுவீடன் தேசத்துக்காரர். இளவயதில் வந்து தலை நரைக்கும்வரை இங்கேயே இருந்தவர். எங்களுக்கு அவர் சிஸ்டரம்மா. தமிழை ஆயாக்களிடம் கற்றுக்கொண்டதால் அவர் பேச்சு ஆயா பேச்சாகவே இருக்கும். ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்த ஒரு பெரிய அதிகாரியின் மனைவியை, "இன்னாமே, வூட்ல சோறு துன்னியா" என்று மரியாதையாக விசாரித்தவர் அவர்.

வேலையில் மட்டும் விளையாட்டே கிடையாது. தினமும் காலையிலும் சாயந்தரத்திலும் ரவுண்ட்ஸ் வருவார். வார்டுக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் முதல் கட்டில். அங்கிருந்து சுவரோடு ஒவ்வொரு கட்டிலாக. எந்த நோயாளியையும் தாண்டிப் போக மாட்டார். கடைசியில் எங்களை வரிசையாக நிறுத்திக் கை நகங்களைப் பார்ப்பார். நகம் வளர்ந்திருந்தால் வெட்டிக்கொண்டு வந்த பிறகுதான் வார்டுக்குள் விடுவார்.

ஓய்வு பெற்றும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கினார். அப்புறம் மூளையில் ரத்தம் அடைத்து இரண்டு முறை விழுந்தார். பிழைத்தார், ஆனால் மறதி வந்துவிட்டது. இருந்தாற்போல் எழுந்து நடந்துவிடுவார். ஒருநாள் உள்பாவாடையோடு ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் நின்றதைப் பார்த்துக் கூட்டி வந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கிளியம்மாளை முழுநேரமும் போட்டார்கள். கிளியம்மாள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றித் துணிப்பட்டையைக் கொடுத்து, நாற்காலியின் முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள்.

இதைப் படித்து முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வார்டில் இருபது கட்டிலுக்கு ஒரு ஆயா. கட்டாமல் விட்ட கிழவிகளில் எத்தனை பேர் இடுப்பெலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகி, முதுகுப்புண் வந்து செத்தார்கள் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். கட்டு அறுக்கக் கூடாது, இறுக்கக் கூடாது, அடிக்கடி அவிழ்த்து நடக்கவிட வேண்டும். இவ்வளவுதான் விதி. சிஸ்டரம்மாவே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

அந்த வருஷம் அவர் தம்பி மகள் மார்கரேத்தா ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தாள். ஐம்பது வயதுப் பள்ளி ஆசிரியை. அத்தையை ஊருக்கு அழைத்துப்போகிறேன், பழகும்வரை, அங்கே கோடை முடியும்வரை, கிளியும் கூட வரட்டும் என்றாள். அப்படித்தான் வல்லத்தில் புடவை கிழிந்தது.

மே மாதத்தில் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் இடுப்பில் கட்டிவந்த குண்டு வெடித்துத் தலைவர் ஒருவர் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்று எழுதிய காகிதத்தை எவரும் லேசில் விடாத நேரம். மீனம்பாக்கத்தில் ஓர் அதிகாரி கிளியின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து இடுப்புப் பட்டைகள் உருண்டன. நீளமான துணிப் பட்டை, ஓரம் தைத்தது, இரண்டு முனையிலும் கட்டுவதற்கு நாடா. துப்பாக்கி வைத்திருந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது எதுக்கும்மா?"

"இடுப்புல கட்றதுக்கு சார்."

உண்மைதான். ஆனால் அந்த மாதத்தில் அந்த இடத்தில் சொல்லக் கூடாத பதில். அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. வாயால் விளக்குவதை விட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்த சிஸ்டரம்மாவின் இடுப்பில் ஒரு பட்டையைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுக் காட்டினாள். சிஸ்டரம்மா அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா பாக்கற? கிளி கட்டுனா கிளிதான் அவுக்கணும். நீ போயி உன் வேலயப் பாரு."

வெள்ளைக்காரக் கிழவி பேசிய அந்தத் தமிழைக் கேட்டதும் துப்பாக்கிக்காரர்தான் முதலில் சிரித்தார். ஆனாலும் ஒவ்வொரு பட்டையையும் தடவிப் பார்த்து, ஒன்றின் தையலைப் பிரித்தும் பார்த்த பிறகே விட்டார்கள்.

ஸ்டாக்ஹோமில் சிஸ்டரம்மாவுக்கு அப்பா வழியில் வந்த சின்ன வீடு இருந்தது. மாடிக் குடியிருப்பில் ஒன்று, லிஃப்ட் உண்டு, வீட்டுக்கு வெளியே நீளமான தாழ்வாரம். மார்கரேத்தா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தினமும் வருவாள், சாமான் வாங்கி வைப்பாள். அத்தையின் பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டாள். காரணம் இருந்தது. இரண்டாவது முறை விழுந்த பிறகு சிஸ்டரம்மாவின் தாய்மொழி எங்கோ போய்விட்டது. சர்ச் பாட்டு வரும், பேச்சு வராது. தமிழ் மட்டும் குறையாமல் இருந்தது. டாக்டர்களுக்கு இது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. இருந்தது, அவ்வளவுதான். அவருக்குப் பேச வந்த ஒரே பாஷை, அங்கே கிளிக்கு மட்டும் தெரிந்த பாஷை.

கோடை முடிந்து கிளி திரும்பியதும் என்ன செய்வது என்ற கேள்வி முதல் வாரமே வந்தது. அந்த ஊரில் வயதானவர்களை நகராட்சி பார்த்துக்கொள்கிறது. வீட்டிலேயே இருக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். முடியாது என்றால் நகரத்துக்கு வெளியே நீண்டகால வார்டு. அந்த வார்டைப் பார்த்து வரலாம் என்று மார்கரேத்தா ஒருநாள் கூட்டிப்போனாள். சுத்தத்துக்குக் குறை சொல்ல முடியாது, கிளியே ஒப்புக்கொண்டாள். கட்டில்கள் வரிசையாக இருந்தன. கதவு பூட்டியிருந்தது. சிஸ்டரம்மா இடது பக்க முதல் கட்டிலுக்குப் போய் அங்கே படுத்திருந்தவரிடம், "மோஷன் போச்சா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அடுத்த கட்டிலில் கேட்டார். அங்கேயும் வரவில்லை. மூன்றாவது கட்டிலில் நின்றுவிட்டார்.

"கிளி, யாரும் பேச மாட்டேங்கறாங்கடி. நான் இங்க செத்துப் போயிட்டேனா?"

"இல்ல சிஸ்டரம்மா."

"என்ன இங்க வெக்காத."

"வெக்க மாட்டேன்" என்றாள் கிளி. வார்டில் நாங்கள் நோயாளிக்கு வாக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் காப்பாற்ற வேண்டுமே. அன்று அவள் கொடுத்துவிட்டாள். அதை முடிவு செய்யும் அதிகாரம் அவளுக்குத் துளியும் கிடையாது.

மியூசியம் போகும் யோசனை மார்கரேத்தாவுடையது. சொந்த ஊரின் பழைய பொருள்களைப் பார்த்தால் அத்தைக்குச் சின்ன வயசும், கூடவே சுவீடன் மொழியும் திரும்ப வரலாம் என்று நம்பினாள். வந்தால் நகராட்சியில் வீட்டுக்கு ஆள் கேட்பது சுலபம். ஆகவே கிளியம்மாள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மியூசியம் மியூசியமாகப் போனாள்.

முதலில் ஒரு தீவின் மேட்டில், தேசம் முழுவதிலுமிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த இடம். ஒரு வீட்டுக்குள் பழங்கால உடை போட்ட பெண் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி நின்று ஜனங்கள் பார்த்தார்கள்.

"ரொட்டி சுடறதப் பாக்க டிக்கெட்டா?" என்றாள் கிளி.

சிஸ்டரம்மா இருமினார். "பொக கண்ணுக்கு ஆவாது. அந்தப் பொண்ண ஜன்னலத் தொறக்கச் சொல்லு."

சின்ன வயசு திரும்பவில்லை.

அடுத்தது கப்பல் மியூசியம். முந்நூறு வருஷங்களுக்கும் மேல் முன்னால் ஒரு ராஜா கட்டிய போர்க்கப்பல். புறப்பட்ட அன்றே துறைமுகத்திலேயே சாய்ந்து மூழ்கிவிட்டதாம். அதைக் கடலுக்கு அடியிலிருந்து முழுசாக எடுத்து, அதைச் சுற்றியே மாடி மாடியாகக் கட்டிடம் எழுப்பியிருந்தார்கள். மரம் கெடாமல் இருக்க உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து, குளிரவும் வைத்திருந்தார்கள்.

"மொத நாளே கவுந்ததுக்கு இவ்ளோ பெரிய வூடா" என்று கிளி சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி முன்னால் ஆடியது. சிஸ்டரம்மா எழுந்துகொள்ளப் பார்த்தார். அந்தக் கருத்த கப்பலையும் அரையிருட்டையும் பார்த்து என்ன நினைத்தாரோ. மேல்மாடி, கைப்பிடிக்கு அப்பால் கீழே வெறும் பள்ளம். கட்டு பிடித்துக்கொண்டது. இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். கிளி நாற்காலியைக் கைப்பிடியிலிருந்து பின்னால் இழுத்தாள். மறுநாளிலிருந்து கட்டை ஒரு சுற்று கூடவே சுற்றினாள். அடிக்கடி அவிழ்த்து நடக்கவிட வேண்டும் என்ற விதியையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வழுக்கும் தரை, தெரியாத மாடிப்படி, தெரியாத ஊர். அவிழ்க்கவே பயம். சிஸ்டரம்மா ஒரு நாளில் நடந்தது குளியலறை வரைதான்.

மார்கரேத்தா இந்தக் கட்டைத் தினமும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அத்தை எழுந்து வராமல் இருந்தது அவளுக்கும் நிம்மதிதான்.

வீடா வார்டா என்று முடிவு செய்ய நகராட்சியிலிருந்து வந்த பிரிட்டா என்ற பெண்மணி, வீட்டில் பார்த்தால் போதாது, வெளியே போகும்போது சிஸ்டரம்மா எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்றாள். அவளும் நர்ஸாக இருந்தவள்தான். அவளுக்காகக் குறித்த நாள் பழம்பொருள் மியூசியம். அன்று மதியம் கிளி நாற்காலியில் கட்டி முடித்ததும், மார்கரேத்தா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து முடிச்சு தெரியாமல் அத்தையின் இடுப்பைச் சுற்றிப் போர்த்தினாள். வெளியே நல்ல வெயில்.

"எதுக்கு?" என்று கிளி கேட்டாள்.

"குளிரும்" என்றாள் மார்கரேத்தா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறைக்க வேண்டிய ஒன்றைத் தான் செய்திருக்கிறோம் என்று கிளிக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்க நேரமில்லை. கீழே கார் வந்து நின்றது.

மியூசியத்தில் முதல் அறை, இரண்டாம் அறை வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கல் கோடாலி, எலும்பு ஊசி, மண் பானை. பிரிட்டா பக்கத்திலேயே நடந்து சிஸ்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவீடன் மொழியில் ஏதோ கேட்டாள். சிஸ்டரம்மா புன்னகைத்தார், பதில் சொல்லவில்லை. ஒரு வாசற்படியில் நாற்காலியின் முன் சக்கரம் தட்டியது. கிளி பின்பக்கம் அழுத்தித் தூக்கினாள். கம்பளி சரிந்து தரையில் விழுந்தது.

பிரிட்டா அதை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, நாற்காலிக்குப் பின்னால் போய் முடிச்சைப் பார்த்தாள். தன் கையால் அவிழ்க்கப் பார்த்தாள். வரவில்லை.

"கிளி கட்டுனா கிளிதான் அவுக்கணும்" என்றார் சிஸ்டரம்மா, அவளைத் தேற்றுவது போல.

"அவிழ்த்துவிடுங்கள்" என்றாள் பிரிட்டா ஆங்கிலத்தில். குரல் உயரவில்லை. அதுதான் கிளிக்குப் பயமாக இருந்தது. "இந்த நாட்டில் ஒருவரைக் கட்டிவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. யாருக்கும் இல்லை."

"விழுந்துடுவாங்க மேடம்."

"அவிழ்த்துவிடுங்கள்."

கிளி அவிழ்த்தாள். பட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். பிரிட்டா அவளையும் மார்கரேத்தாவையும் நாலடி தள்ளி ஜன்னல் ஓரமாக அழைத்துப்போய்ப் பேசினாள். கிளிக்குப் புரிந்த ஆங்கிலத்தில் இவ்வளவு இருந்தது: கட்டினால்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் அவரை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று பொருள். இந்த வாரமே வார்டில் இடம் கேட்கப் போகிறேன். மார்கரேத்தா தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். கிளி தன் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, இருபது கட்டில், ஒரு ஆயா, எலும்பு, முதுகுப்புண் என்று சொல்லத் தொடங்கினாள். நோயாளிக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம். அன்று அவள் நின்றாள்.

திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

மார்கரேத்தா ஓடினாள். எங்கே என்று இல்லாமல் வெளிவாசல் பக்கம் ஓடினாள். வெளியே பெரிய சாலை, பஸ் போகும் சாலை. பிரிட்டா மாடிப்படிப் பக்கம் போனாள். அவிழ்க்கச் சொன்னது அவள்தானே. கிளி முதலில் பக்கத்து அறைக்கு ஓடினாள், இல்லை. அதற்கடுத்த அறை, இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் குறுக்கே வந்தது. அதற்குள் புகுந்து தேடினாள். காது மட்டும் ஏதாவது விழும் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. வார்டில் அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும். ஈர மூட்டையைப் போட்ட மாதிரி இருக்கும். அதற்கப்புறம் ஒரு நொடி அமைதி. பிறகுதான் அழுகை.

சத்தம் வரவில்லை. கிளி நின்று மூச்சு வாங்கினாள். ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. அவளுக்குச் சாயந்தரம் என்று பட்டது. சாயந்தரம் என்றதும் ரவுண்ட்ஸ். இத்தனை நாளாகச் சிஸ்டரம்மா இந்த நேரத்துக்கு நாற்காலியில் முண்டினாரே, அது எதற்கு என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. முண்டினால் இன்னொரு சுற்று சுற்றியதோடு சரி.

காலி நாற்காலி இருந்த அறைக்கே திரும்பி ஓடினாள். வாசலில் நின்று இடது கைப் பக்கம் பார்த்தாள். சுவரோடு கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அந்த வரிசை ஒரு திறப்பு வழியாக அடுத்த அறைக்குப் போயிற்று. அந்தத் திறப்பை அவள் முன்பு கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"எவ்ளோ நேரமா உக்கார வெச்சினு கீறீங்க? கேக்கறவங்க யாரும் இல்லியா?"

அங்கே தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. காலை மடக்கி உட்காரவைத்துப் புதைத்திருந்தவளை அதே நிலையில் எடுத்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் சிஸ்டரம்மா நேராக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். பிடிமானம் எதுவும் இல்லை. மியூசியக் காவல்காரப் பெண் ஒருத்தி, ஒரு வார்த்தையும் புரியாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நர்ஸ் மாதிரி திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கிளிக்கு அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கத்தான் தோன்றியது. காலடிச் சத்தம் பின்னால் வந்துகொண்டிருந்தது. நோயாளி பதறினால் விழுவாள். அவள் மூச்சை அடக்கி, பக்கத்தில் போய் ஓரடி பின்னால் நின்றாள்.

"இன்னிக்கு டியூட்டி யாரு?" என்றார் சிஸ்டரம்மா திரும்பாமல்.

"நான்தான் சிஸ்டரம்மா."

"இவள ஏன் இன்னும் படுக்க வெக்கல? முதுகப் பாத்தியா? புண்ணு வந்துடும்."

"இப்ப படுக்க வெச்சுடறேன்."

"எப்பலேருந்து இப்டி கீறா?"

மூச்சிரைக்க வந்து நின்ற மார்கரேத்தாவிடம் கிளி ஆங்கிலத்தில் கேட்டாள். மார்கரேத்தா பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து, ஒன்பதாயிரம் வருஷம் இருக்கும் என்றாள். கிளி அதை மொழிபெயர்த்தாள்.

"அதான் இப்டி எளச்சுப் போயிட்டா" என்றார் சிஸ்டரம்மா. "ஒரு துணி போட்டு மூடு. எல்லாரும் பாத்துகினு போறாங்க."

கிளியின் கையில் துணி என்று இருந்தது அந்த இடுப்புப் பட்டை ஒன்றுதான். அதை உதறி விரித்துப் பெட்டியின் மேல் போட்டாள். காவல்காரப் பெண் ஓரடி முன்னால் வந்தாள். பிரிட்டா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

சிஸ்டரம்மா துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். அதற்கடுத்ததற்கும். கிளி ஓரடி பின்னால், இடது பக்கமாக, கையைத் தொடாமல் போனாள். பிரிட்டா அவர்களுக்குப் பின்னால் போனாள். கால் ஒரு இடத்தில் தடுமாறியது. கிளியின் கை போனது. அதற்குள் அவரே நிலைப்பட்டார். அறை முடிந்ததும், "நாக்காலி போடு, கால் நோவுது" என்றார். உட்கார்ந்தார். அப்படியே கண்ணயர்ந்தார்.

பிரிட்டா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிளி சொன்னாள். கேட்டுவிட்டு, "நடக்க முடிகிறவரைக் கட்டியிருக்கிறீர்கள்" என்றாள்.

"ஆமா மேடம்" என்றாள் கிளி. சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

"ஆனால் உங்களால்தான் அவர் பின்னால் நடக்கவும் முடிகிறது. நீங்கள் போய்விட்டால்?" பிரிட்டா மார்கரேத்தாவைப் பார்த்துதான் இதைக் கேட்டாள். "நான் வீட்டுக்கு அனுப்பும் பெண் பகலில் வருவாள், சமைப்பாள், குளிப்பாட்டுவாள். காலையும் சாயந்தரமும் யார்?"

மார்கரேத்தா தூங்கும் அத்தையைப் பார்த்தாள். பிறகு, "அவருக்கு என்னை யாரென்றே தெரியவில்லை" என்றாள்.

"அவங்களுக்கு என்னயும்தான் தெரியாது" என்றாள் கிளி. "கிளின்னு ஒரு டியூட்டி ஆயா. அவ்ளோதான் தெரியும். டியூட்டின்னு வந்து நின்னா போதும்."

நாளை காலை வீட்டுக்கு வருகிறேன் என்றாள் பிரிட்டா. கட்டு இருக்கக் கூடாது, கிளியும் கூட நடக்கக் கூடாது, மார்கரேத்தாதான் நடக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, வீடா வார்டா என்று சொல்கிறேன்.

மறுநாள் காலை கிளி சிஸ்டரம்மாவைக் குளிப்பாட்டி, கால் வழுக்காத செருப்பு மாட்டி, சமையலறைக்குள் போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். தான் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு பாத்திரம் நிறைய எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். மார்கரேத்தாவுக்கு வார்டு ஆயா மாதிரி ஒரு வெள்ளைத் துணியை முன்னால் கட்டிவிட்டு, கையில் ஒரு தட்டைக் கொடுத்திருந்தாள். தட்டில் பஞ்சும் ஒரு டம்ளர் தண்ணீரும். ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தை முந்தின ராத்திரி முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

தாழ்வாரத்தில் சிஸ்டரம்மா நின்ற இடத்திலேயே நிற்பது கிளிக்குத் தெரிந்தது. பிரிட்டா சுவரோரம் நின்றாள்.

"யாரு நீ?"

தட்டில் டம்ளர் ஆடும் சத்தம். கிளி உருளைக்கிழங்கைக் கத்தியோடு பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"டியூட்டி... நான்தான்... சிஸ்டரம்மா."

"புதுப் பொண்ணா?"

அதற்குமேல் தமிழ் மார்கரேத்தாவுக்குத் தெரியாது. கிளி பல்லைக் கடித்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

"சரி வா. தட்ட நேராப் புடி."

செருப்புச் சத்தம் நகர்ந்தது. இடது பக்கத்து முதல் கதவு. அண்டை வீட்டுக் கதவுதான். அதன் முன் ஒரு நிமிஷம். பிறகு அடுத்த கதவு. பின்னால் இன்னொரு ஜோடிக் கால். தாழ்வாரக் கோடிவரை போய் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தன. எதுவும் கீழே விழவில்லை, தட்டிலிருந்து சிந்திய தண்ணீரைத் தவிர.

வீட்டு வாசலுக்கு வந்ததும் சிஸ்டரம்மா, "கையக் காட்டு" என்றார். மார்கரேத்தாவுக்குச் சொல் புரியாவிட்டாலும் நீட்டிய கை புரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காட்டினாள். நகங்கள் பயத்தில் கடித்துக் கடித்துக் குட்டையாக இருந்தன. சிஸ்டரம்மா தலையசைத்தார். பிறகு பிரிட்டாவிடம் திரும்பினார். பிரிட்டாவும் இரண்டு கையையும் நீட்டினாள். சாயம் பூசிய நீள நகம்.

"நீ வெட்டிகினு வா" என்றார்.

என்ன சொன்னார் என்று பிரிட்டா கேட்டாள். கிளி சமையலறையிலிருந்தே சொன்னாள். பிரிட்டா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து வீட்டுக்கு ஆள் வருவாள், குளிர்காலம் முடியும்வரை அவர் இங்கேயே இருக்கட்டும், பனி உருகியதும் மறுபடி பார்க்கிறேன் என்றாள் மார்கரேத்தாவிடம். அப்புறம் ஒரு கத்தரிக்கோல் கேட்டாள்.

கிளியம்மாள் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். பையிலிருந்த இடுப்புப் பட்டைகளில் ஒன்றை இரண்டாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, தாழ்வாரத்தில் சிந்தியிருந்த தண்ணீரை யாரும் வழுக்கி விழுவதற்கு முன்னால் துடைத்தாள்.